சங்கு நின்னுபோன ஊர்: தங்கவயல்ல அஞ்சு நாள்

முதல் நாள்

குடியாத்தத்துல காலைல ரயில் ஏறினோம், நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு இப்போ 70 வயசு, பொறந்தது வளர்ந்தது எல்லாம் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப்ஸ்ல ஒரு லைன் வீட்ல. வேலைக்காக வேலூர் பக்கம் வந்தப்புறம் கல்யாணம் காரியம்னா போய் ஒரு நாள் தலைய காட்டிட்டு வர்றதோட சரி. "கால் நல்லா இருக்கும்போதே ஒரு தடவ நிதானமா சுத்திப் பாத்துட்டு வரணும்மா"ன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தாரு, இந்த தடவ லீவு போட்டு கூட்டிட்டு கிளம்பிட்டேன். தினம் ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி அன்னிக்கு பாத்தத எழுதிப் போடுறேன்.

ஜோலார்பேட்டை தாண்டினதும் ரயில் மேடு ஏற ஆரம்பிக்குது, காத்து மாறிடுது, குப்பம் வந்தா ஆந்திரா, கொஞ்ச நேரத்துல கர்நாடகா. எங்க கொள்ளுத்தாத்தாவும் குடியாத்தம் பக்கத்துல இருந்து இந்த மேட்டைத் தாண்டித்தான் போயிருக்காரு. நிலம் கிடையாது, ஊர்க் கெணத்துல தண்ணி எடுக்க விடமாட்டாங்க, மழை பொய்ச்சா சோறு கிடையாது. அந்த நேரத்துல "மைன்ஸ்ல ஆள் எடுக்குறான், கையில காசு குடுக்குறான்"னு சேதி வந்தா யாரு நிப்பாங்க. வட ஆற்காடு, சேலம், அந்தப் பக்கம் சித்தூர்னு சேரி சேரியா ஜனங்க கிளம்பிப் போயிருக்காங்க. அதனாலதான் கர்நாடகாவுக்குள்ள இருந்தும் அந்த ஊரு இன்னிக்கும் தமிழ் பேசுது.

பங்காரப்பேட்டைல எறங்கி மாறணும். வெள்ளக்காரன் காலத்துல இதுக்கு பௌரிங்பேட்டைன்னு பேரு, பௌரிங்ன்ற கமிஷனர் பேர்ல வெச்சது. ஸ்டேஷனுக்கு வெளிய பானிபூரி சாப்பிட்டோம், இங்க பானி பச்சையா இருக்காது, தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கும், வாயில வெச்சதும்தான் காரம் ஏறும். அப்பா ரெண்டு பிளேட் சாப்பிட்டாரு, நான் தடுக்கல.

இங்கிருந்து மாரிகுப்பம் வரைக்கும் போற கிளை லைன் 1894ல மைன்ஸுக்காகவே போட்டது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிகுப்பம்னு ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு மைன் ஏரியா. கோரமண்டல் நெருங்கும்போதே ஜன்னல்ல அந்த மேடுங்க தெரிய ஆரம்பிச்சுடுச்சு, சாம்பல் கலர்ல, மேல தட்டையா, மழை அறுத்த கோடு கோடா. வெளியூர் ஆள் மலைன்னுதான் நெனைப்பாங்க. "சயனைடு மேடு"ன்னு அப்பா சொல்லிட்டு, அப்புறம் எறங்குற வரைக்கும் எதுவும் பேசல.

சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர சாயந்தரம் ஆயிடுச்சு. லைன் வீடுன்னா ஒரே நீளமா ஒட்டி ஒட்டி இருக்குற வீடுங்க, முன்னாடி சின்ன தாழ்வாரம், உள்ள ஒரு ரூம், பின்னாடி அடுப்பங்கரை. அப்பாவோட பாட்டி காலத்துல மூங்கில் தட்டி வெச்ச குடிசைதானாம், அதனால இன்னும் பெரியவங்க வாயில "தட்டி வீடு"ன்னே வருது. சித்தி ராகி களியும் கீரைக் கொழம்பும் பண்ணி வெச்சிருந்தாங்க. சாப்பிட்டு வெளிய உக்காந்தப்போ அப்பா திடீர்னு மணி பாத்தாரு. "இந்நேரம் மைன்ஸ் சங்கு ஊதும்"ன்னாரு. சித்தப்பா "ஊதும் ஊதும், ஊதி இருவது வருஷத்துக்கு மேல ஆவுது"ன்னாரு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருந்தாங்க.

ரெண்டாம் நாள்

இன்னிக்கு முழுக்க நடைதான். அப்பாவுக்கு முட்டி வலி இருக்குறதால நடுநடுவுல ஆட்டோ.

முதல்ல ஊர்காம் பக்கம் போனோம். கதை இங்கதான் ஆரம்பிக்குது. திப்பு செத்ததுக்கு அப்புறம் மைசூர் எல்லைய அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802ல இந்தப் பக்கம் மண்ணுல தங்கம் இருக்குன்னு கேள்விப்பட்டிருக்காரு. பரிசு தர்றேன்னு சொன்னதும் ஊர்க்காரங்க மண்ணை அள்ளிட்டு வந்து அவரு கண்ணு முன்னாடியே அலசி தங்கப் பொடியக் காட்டியிருக்காங்க. மாரிகுப்பம் பக்கம் ஜனங்க ஏற்கனவே குழி வெட்டி எறங்கி கல்லை ஒடைச்சு எடுத்துட்டுத்தான் இருந்தாங்க. அதாவது "கண்டுபிடிச்சவர்"னு புத்தகத்துல யார் பேரு இருந்தாலும் அவருக்கு முன்னாடி இந்த மண்ணுக்காரனுக்கு விஷயம் தெரியும். இதை நான் ஏன் அழுத்திச் சொல்றேன்னா ஸ்கூல்ல எங்க அப்பாவுக்கு சொல்லிக் குடுத்த வரலாறுல வெள்ளக்காரங்க பேரு மட்டும்தான் இருந்துச்சாம்.

வாரன் எழுதின குறிப்பு ரொம்ப வருஷம் சும்மா கெடந்துச்சு. நியூஸிலாந்து சண்டையில இருந்துட்டு பெங்களூர் கண்டோன்மென்ட்ல வந்து தங்கின மைக்கேல் லவல்னு ஒரு ஐரிஷ் சோல்ஜர் அதைப் படிச்சுட்டு, 1871ல மாட்டு வண்டி கட்டிக்கிட்டு இங்க வந்து தேடியிருக்காரு. 1873ல மைசூர் அரசாங்கத்துக்கு மனு போட்டு 1875ல 20 வருஷ குத்தகை வாங்கினாரு. ஆனா ஆழத்துல தோண்டுறதுக்கு அவர்கிட்ட பணம் இல்ல, உரிமையை வேற ஆளுங்களுக்கு மாத்தி விட்டுட்டாரு. பெங்களூர்ல இருக்குற லவல் ரோடு இவர் பேருதான்.

அப்புறம் 1880ல ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்னு லண்டன் கம்பெனி வந்துச்சு. அவங்களுக்கும் முதல் சில வருஷம் ஒண்ணும் தேறல, பணம் தீர்ற நேரத்துல மூடிடலாம்னு பேச்சு வந்தப்போ பிளம்மர்ன்ற அதிகாரி, பழைய காலத்து ஆளுங்க வெட்டி விட்டுட்டுப் போன குழிங்களுக்கு அடியிலயே எறங்கித் தோண்டினாரு. அங்க சிக்கினதுதான் சாம்பியன் லோடு, அந்த ஒரு தங்க ரேகைய நம்பித்தான் அடுத்த நூறு வருஷ ஊரு. இங்கிலாந்துல கார்ன்வால்ல இருந்து சுரங்க ஆளுங்க, இத்தாலிக்காரங்க, காவலுக்கு பஞ்சாபிங்க, ஆபீஸுக்கு ஆங்கிலோ இந்தியருங்க. கீழ எறங்கி மண்ணு சுமந்தது நம்ம ஜனம். 1900ஐ ஒட்டி முப்பதாயிரம் பேரை நெருங்கி வேலை பாத்திருக்காங்க.

கம்பெனி துரைங்க வீடெல்லாம் மேட்டுல, பெரிய தோட்டத்தோட, செவப்பு ஓடு போட்டு. கிளப்பு 1885லயே கட்டியாச்சு, கோல்ஃப் மைதானம் இருக்கு, கல்லுல கட்டின சர்ச்சுங்க இருக்கு. "குட்டி இங்கிலாந்து"ன்னு பெருமையா சொல்லுவாங்க. அப்பா அந்த கிளப்பு கேட்டுக்கு எதிர்ல நின்னு, "எங்க நைனா இந்த ரோட்டுல நடக்கும்போது செருப்ப கையில எடுத்துக்குவாரு, யாரும் சொல்லணும்னு இல்ல, பழக்கம்"ன்னாரு. நான் போட்டோ எடுக்க மொபைலை எடுத்தவ உள்ள வெச்சுட்டேன்.

கரண்ட் கதை சொல்லியே ஆகணும். ஆரம்பத்துல நீராவி இன்ஜின்தான், சுத்துவட்டாரக் காட்டை வெட்டி எரிச்சே தீத்துட்டாங்க. அதனால திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துல ஆரம்பிச்ச திட்டப்படி காவிரி சிவசமுத்திரத்துல தண்ணியில இருந்து கரண்ட் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்க கொண்டுவந்தாங்க. 1902 ஜூன் 30. அன்னிக்கு உலகத்துலயே ரொம்ப நீளமான மின்கம்பி லைன்கள்ல அதுவும் ஒண்ணு. பெங்களூர் சிட்டிக்கு கரண்ட் வந்ததே 1905லதான், அதுக்கு மூணு வருஷம் முன்னாடி தங்கவயல்ல மோட்டார் ஓடியிருக்கு. தண்ணி பேத்தமங்கலம் ஏரியில இருந்து, அதுவும் பாலாறு, எங்க ஊரு வழியா மணலா கெடக்குற அதே ஆறு. ஆனா கரண்ட் முதல்ல போனது மெஷினுக்கும் பங்களாவுக்கும். எங்க பாட்டி கல்யாணம் ஆகி வந்து ரொம்ப வருஷம் சீமெண்ணெய் வெளக்குலதான் கொழம்பு கூட்டியிருக்காங்க.

மத்தியானத்துக்கு மேல சயனைடு மேட்டு ஓரமா போனோம். கீழ இருந்து எடுத்த கல்லை இரும்பு உலக்கை வெச்ச மில்லுல மாவா இடிச்சு, பாதரசத்துல ஒட்ட வெச்சு தங்கத்தை எடுப்பாங்க. அதுல சிக்காதத சயனைடு கரைசல்ல ஊற வெச்சு எடுப்பாங்க. எடுத்தது போக மிஞ்சின சேறு நூறு வருஷமா கொட்டிக் கொட்டி 13 மேடா நிக்குது, மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல. நான் ஒரு பிடி எடுத்துப் பாத்தேன். முகத்துக்குப் போடுற பவுடரை விட மெல்லிசு, கையை மூடினா விரல் இடுக்குல ஒழுகிடுது, தட்டினாலும் ரேகைக்குள்ள வெள்ளையா நிக்குது. அறுந்த பக்கத்துல பாத்தா கேக்கு மாதிரி அடுக்கடுக்கா கோடு, ஒவ்வொரு கோடும் சேறு கொட்டின ஒவ்வொரு தடவ. வெயில் காலத்துல காத்தடிச்சா இதுதான் பக்கத்து லைன் வீடுங்களுக்குள்ள போகும், கண்ணு எரியும், சோத்துல விழும். சித்தி இன்னமும் தண்ணிக் குடத்துக்கு தட்டு மேல துணி போட்டுத்தான் மூடுறாங்க, எல்லா காலத்துலயும்.

மூணாம் நாள்

காலைல சித்தப்பா எங்களை ஷாஃப்ட் பக்கம் கூட்டிட்டுப் போனாரு, சுரங்கத்துக்குள்ள எறங்குற ஆழமான குழிதான் ஷாஃப்ட். உள்ள விடமாட்டாங்க, காம்பவுண்டுக்கு வெளிய நின்னு பாக்கலாம். இரும்பு கோபுரம் மாதிரி நிக்குறதுதான் ஹெட்கியர், மேல பெரிய சக்கரம். அந்த சக்கரத்துல சுத்துற கம்பியிலதான் ஆளுங்களை எறக்கி ஏத்துற கூண்டு, அதாவது கேஜ், தொங்கும். கிஃபோர்ட் ஷாஃப்ட், ஹீத்கோட் ஷாஃப்ட், ஹென்றீஸ், எட்கர்னு எல்லாத்துக்கும் துரைங்க பேரு. ஷாஃப்ட் வாய மூடியாச்சு, உள்ள தண்ணி ரொம்பி நிக்குது.

சித்தப்பா 1980ல வேலைக்கு சேந்து மூடுற வரைக்கும் இருந்தவரு. அவரு பேசினத முடிஞ்ச வரைக்கும் அப்படியே போடுறேன்.

"டோக்கன் வாங்கிக்கினு கேஜ்ல நெருக்கிக்கினு நிப்போம். பெல் அடிச்சா விட்டுருவான். அப்போ வயிறு மேல வந்துடும், காது அடைச்சுக்கும். ஒரே குழியில அடி வரைக்கும் போவ முடியாதும்மா, நடுவுல எறங்கி சுரங்கத்துக்குள்ளயே நடந்து வேற ஷாஃப்ட்ல எறங்கணும், அப்புறம் இன்னொண்ணு. வேலை செய்யுற எடத்துக்கு போய் சேரவே ரொம்ப நேரம் ஆவும். கீழ கல்லைத் தொட்டா சுடும். மேல இருந்து குளுந்த காத்து தள்ளுவாங்க, ஆனா மொனைக்கு வர்றதுக்குள்ள அதுவும் சூடாயிடும். லங்கோடு கட்டிக்கினு டிரில் அடிப்போம், ஒரு மணி நேரத்துல ஒடம்புல இருக்குற தண்ணியெல்லாம் ஓடிப்போயிடும்."

சாம்பியன் ரீஃப் மைன் 3.2 கிலோமீட்டர் ஆழம். அந்த ஆழத்துல பாறை 60 டிகிரிக்கு மேல சூடு. ஒரு காலத்துல உலகத்துலயே ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணு.

சூட்டை விட பயமா இருந்தது ஏர் பிளாஸ்ட். ராக் பர்ஸ்ட்னு இன்ஜினியருங்க சொல்லுவாங்க, லைன்ல எல்லாருக்கும் அது ஏர் பிளாஸ்ட்தான். விஷயம் என்னன்னா, அவ்ளோ ஆழத்துல மேல இருக்குற மலையோட பாரம் முழுக்க சுத்துப் பாறை மேல அழுத்திட்டு இருக்கும். நடுவுல இருக்குற கல்லை நாம வெட்டி எடுத்துட்டா அந்த அழுத்தம் போக எடம் இல்லாம பாறை குண்டு போட்ட மாதிரி தானா வெடிக்கும். வெட்டின எடத்துல கருங்கல்லை சுவர் மாதிரி அடுக்கி முட்டுக் குடுப்பாங்க, அதையும் மீறி வெடிக்கும். மேல ஊருல பாத்திரம் உருளும், சுவர்ல விரிசல் விடும்.

அப்பா இங்க குறுக்க பேசினாரு. "சங்கு நேரத்துக்கு ஊதினா ஷிஃப்ட். நேரம் கெட்ட நேரத்துல ஊதினா எங்க அம்மா அடுப்ப அப்படியே விட்டுட்டு ஷாஃப்டுக்கு ஓடும். லைன்ல இருக்குற எல்லா பொம்பளைங்களும் ஓடுவாங்க. யார் வீட்டு ஆளுன்னு தெரியுற வரைக்கும் ஒருத்தரும் அழமாட்டாங்க, வாயே தெறக்க மாட்டாங்க. தெரிஞ்சப்புறம் அந்த ஒருத்தி வீட்டுக்கு எல்லாரும் சேந்து போவாங்க." தாத்தா ஒரு தடவ ரெண்டு நாள் கழிச்சு வெளிய வந்திருக்காரு. கூட இருந்த ரெண்டு பேரு வரல. அதுக்கப்புறமும் அடுத்த வாரம் அதே ஷாஃப்ட்ல எறங்கினாரு, வேற என்ன பண்றது, வீட்ல ஆறு வயிறு.

வேலை முடிஞ்சு மேல வந்தா சோதனை. தலைமுடி, வாய், டிபன் டப்பா, கோவணம் எல்லாத்தையும் தடவிப் பாப்பாங்க. தங்கத்தை நடுவுல நின்னு வெட்டிட்டு பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு பவுனுக்கு வட்டிக்கு கடன் வாங்கின ஊரு இது. தாத்தா நெஞ்சு நோயிலதான் போனாரு, கல்லுத் தூசி நுரையீரல்ல படிஞ்சு வர்ற சிலிகோசிஸ். கடைசி வருஷங்கள்ல படுத்துத் தூங்க முடியாது, தலைகாணி நாலு அடுக்கி சாஞ்சு உக்காந்துதான் தூங்குவாரு. அதுக்கான பணத்துக்கு பாட்டி எத்தனையோ தடவ ஒரு ஆபீஸ் படி ஏறி எறங்கினாங்க, பேப்பர் சரியில்ல பேப்பர் சரியில்லன்னே சொல்லி அனுப்பினாங்க. வந்து சேரல.

இதே ஆழத்துல வேற ஒண்ணும் நடந்திருக்கு, அது நெறைய பேருக்குத் தெரியாது. விண்வெளியில இருந்து வர்ற துகள்ங்களை ஆராயுறதுக்கு டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க இங்க கருவி எறக்கினாங்க. மேல இருக்குற பாறை மத்த துகளையெல்லாம் வடிகட்டிடும், எதையும் ஊடுருவுற நியூட்ரினோ மட்டும்தான் அங்க வரைக்கும் வரும். 1965ல ஹீத்கோட் ஷாஃப்ட் பக்கம், 2 கிலோமீட்டருக்கும் கீழ, வளிமண்டலத்துல உருவாகுற நியூட்ரினோவோட தடத்தைப் பிடிச்சாங்க. ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிங்களும் சேந்து பண்ணின வேலை. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன் மாதிரி பெரிய பேருங்க எல்லாம் இந்தக் கேஜ்ல எறங்கினவங்க. அந்தக் கருவியோட இரும்பையும் கண்ணாடிக் குழாயையும் பத்திரமா கீழ சேத்த கைங்க யாருதுன்னு எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலயும் இருக்காது, ஆனா லைன்ல கேட்டா சொல்லுவாங்க.

மூடினது எப்படின்னு கேட்டேன். 1956ல மைசூர் அரசாங்கம் கம்பெனிக்காரன்கிட்ட இருந்து எடுத்துக்கிச்சு, 1962ல மத்திய அரசு, 1972ல பாரத் கோல்டு மைன்ஸ்னு பேரு மாறிச்சு. வெள்ளக்காரன் நல்ல கல்லையெல்லாம் ஏற்கனவே எடுத்துட்டான். ஆரம்பத்துல ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல தங்கம் வந்துச்சு, கடைசியில 3 கிராம் பக்கம், அரைப் பவுன்கூட தேறாது. ஆழம் கூடக் கூட செலவும் கூடுது. ஒரு காலத்துல வெளிய மார்க்கெட்ல தங்கம் ஒரு விலைக்குப் போகும்போது இங்க எடுத்த தங்கத்தை அதை விடக் கம்மியான சர்வதேச விலைக்கு அரசாங்கத்துக்கே குடுத்துட்டு, கணக்குல நஷ்டம்னு எழுதினாங்க. இதை சித்தப்பா சொல்லும்போது கை நடுங்குச்சு. "எங்க ஒழைப்ப கம்மி வெலைக்கு எடுத்துக்கினு எங்களயே நஷ்டம்னான்." 120 வருஷத்துல சுமார் 800 டன் தங்கம் குடுத்த ஊரு. 2001 பிப்ரவரி 28ல மூடினாங்க. அப்போ மூவாயிரத்துச் சொச்சம் பேருதான் மிச்சம்.

அன்னிக்கு என்ன பண்ணீங்க சித்தப்பான்னு கேட்டேன். "வீட்டுக்கு வந்து குளிச்சேன்"ன்னாரு. அதுக்கு மேல கேக்கல.

நாலாம் நாள்

நேத்து எழுதினது மனசுக்கு பாரமா இருந்துச்சு, நெறைய பேரு இந்த ஊரை அழுகைக் கதையா மட்டும் பாக்குறாங்கன்னு எனக்கே ஒரு கவலை. அதனால இன்னிக்கு எங்க ஜனம் தானா கட்டி எழுப்பினத பாக்கப் போனோம். எனக்கு இந்தப் பயணத்துல பெருசு இதுதான்.

மாரிகுப்பம். 1907ஐ ஒட்டி இங்க பௌத்த சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க. சென்னையில அயோத்திதாச பண்டிதர் சாதிக்கு எதிரா பௌத்தத்தை கையில எடுத்தப்போ, அவருக்கு பெரிய பலமா நின்னது இந்தத் தங்கவயல் தொழிலாளிங்க. அவரோட 'தமிழன்' பத்திரிகைக்கு இங்க இருந்து வாசகருங்க, இங்க இருந்து பணம். பண்டிதர் 1914ல மறைஞ்சாரு. அதுக்கப்புறம் 1926ல இருந்து அதே 'தமிழன்' பத்திரிகைய ஜி. அப்பாதுரையார் ஆசிரியரா இருந்து தங்கவயல்ல இருந்தே நடத்தினாரு. சாம்பியன் ரீஃப்ஸ்ல சித்தார்த்தா புத்தகசாலைன்னு ஒண்ணு, பண்டிதரோட புத்தகங்களை அச்சுப் போட்டு வித்துச்சு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பகல் பூரா ஒரு கிலோமீட்டர் ரெண்டு கிலோமீட்டர் கீழ எறங்கி கல்லு ஒடைச்சுட்டு, மேல வந்து குளிச்சு, வெளக்கு ஏத்தி, ஒருத்தர் சத்தமா படிக்க பத்துப் பேரு சுத்தி உக்காந்து கேட்டிருக்காங்க. எழுதப் படிக்கவே கூடாதுன்னு ஊருல வெச்சிருந்த ஜனம், பத்திரிகை நடத்தியிருக்கு. எங்க தாத்தாவுக்கு கையெழுத்து மணிமணியா இருக்கும், அவரு ஸ்கூலுக்குப் போனதே இல்ல, ராத்திரி சங்கத்துல கத்துக்கிட்டது. அப்பாவுக்கு பௌத்த சங்கத்துல பாடின பாட்டு நாலு வரி இன்னும் ஞாபகம் இருக்கு, ஆட்டோவுல வரும்போது மெதுவா சொல்லிக்கிட்டே வந்தாரு.

போராட்டமும் அப்படித்தான். 1930ல கம்பெனி எல்லா தொழிலாளிகிட்டயும் விரல் ரேகை வாங்கணும்னு ஆரம்பிச்சுது. குத்தவாளிகிட்ட வாங்குறத எங்ககிட்ட எதுக்கு வாங்குறன்னு மொத்த மைன்ஸும் 21 நாள் வேலைக்குப் போகல. அப்போ இங்க பெருசா யூனியன்னு ஒண்ணு கிடையாது, தலைவர்னு ஒருத்தரை கைகாட்ட முடியாது, லைன் லைனா பேசி முடிவு எடுத்திருக்காங்க. கம்பெனி பின்வாங்குச்சு. அப்புறம் நாப்பதுகள்ல கம்யூனிஸ்ட்டு யூனியன் வந்துச்சு, பெரிய பெரிய வேலைநிறுத்தம். 1946 நவம்பர் 4ல போலீஸ் சுட்டதுல 6 தொழிலாளிங்க செத்தாங்க. தாத்தா அப்போ வாலிபப் பையன், கூட்டத்துல இருந்திருக்காரு. வருஷா வருஷம் அந்த தேதியில அவரு வேலைக்குப் போனாலும் அன்னிக்கு மட்டும் கறி எடுக்கமாட்டாரு வீட்ல.

அரசியலும் அதே ரத்தம்தான், அம்பேத்கர் வழி ரிபப்ளிகன் கட்சி இங்க எம்.எல்.ஏ அனுப்பியிருக்கு, கர்நாடக சட்டசபைக்கு அண்ணா திமுக ஆளு ஜெயிச்சுப் போன தொகுதியும் இதுதான்.

சாயந்தரம் ராபர்ட்சன்பேட்டை. பிளேக் வந்தப்புறம் நெருக்கடிய கொறைக்க நேர் நேரா தெரு வெட்டி உண்டாக்கின டவுனு, மைசூர்ல வெள்ளக்கார அரசாங்கத்தோட பிரதிநிதியா, ரெசிடென்ட்டா இருந்த ராபர்ட்சன் பேரு. எம்.ஜி. மார்க்கெட்ல நடந்தா ஒரே கடையில தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் கேக்கும், கடைக்காரர் எந்த பாஷையில கேட்டாலும் அதுலயே பதில் சொல்றாரு. ஃபைவ் லைட்ஸ் பக்கம் டீ குடிச்சோம். அப்பாவோட ஸ்கூல் சிநேகிதர் ஒருத்தர் எதிர்ல வந்துட்டாரு, 40 வருஷம் கழிச்சு. ரெண்டு பேரும் கட்டிப்பிடிக்கல ஒண்ணும் பண்ணல, அவரு "இன்னா, எப்போ வந்த?"ன்னு கேட்டாரு, இவரு "மூணு நாள் ஆச்சு"ன்னாரு, அப்புறம் ஒரு மணி நேரம் நின்ன எடத்துலயே பேசினாங்க. நான் பக்கத்துக் கடையில சித்திக்கு ஒரு ஸ்டீல் டிபன் வாங்கினேன்.

தங்கம் இன்னும் கீழ இருக்கு, மேட்டுல இருக்குற சேறுலயும் கொஞ்சம் இருக்கு. அந்த சேறை ஏலம் விட்டு திரும்ப அலசுறதுக்கு 2024ல கர்நாடக அமைச்சரவையும் சம்மதம் சொல்லிடுச்சு. டீக்கடையில பேச்சே அதுதான். அலசினா தூசி இன்னும் கெளம்புமா, வேலை லோக்கல் ஆளுக்கு குடுப்பானா, லைன் வீட்டை காலி பண்ணச் சொல்லுவானா. எனக்கு ஒண்ணு மட்டும் தோணுது, முதல்ல இந்த மூணு கேள்விக்கும் லைன்ல இருக்குறவங்களை உக்கார வெச்சு பதில் சொல்லட்டும், அப்புறம் மெஷினைக் கொண்டு வரட்டும்.

அஞ்சாம் நாள்

சீக்கிரமே எழுந்துட்டோம், இன்னும் விடியல. சித்தப்பா பையன் பெங்களூர்ல ஒரு ஏசி கம்பெனியில மெக்கானிக், தினமும் ரயில்ல நூறு கிலோமீட்டர் போய் வர்றான். அவன் ஒருத்தன் இல்ல, மைன்ஸ் மூடினதுல இருந்து ஊரே இப்படித்தான், ஆயிரக்கணக்குல. இங்கயே மண்ணு அள்ளுற பெரிய மெஷின் செய்யுற பி.இ.எம்.எல். கம்பெனி இருக்கு, ஆனா எல்லாருக்கும் அதுல எடம் ஏது.

அவன் கூடவே நானும் அப்பாவும் சாம்பியன் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். இருட்டுல ஒவ்வொரு லைன்ல இருந்தும் ரெண்டு பேரு மூணு பேரா வந்து சேர்றாங்க, எல்லார் கையிலயும் டிபன் பையி. பேச்சு கம்மி. சில பொண்ணுங்க ஸ்வெட்டர் மேல ஐடி கார்டு மாட்டியிருந்தாங்க, ஒருத்தி நின்னுக்கிட்டே தூங்கினா. ரயில் ஏற்கனவே மாரிகுப்பத்துலயே பாதி ரொம்பி வந்துச்சு. தம்பி ஏறினதும் எடத்துக்கு சீட்டு மேல துண்டு போட்டுட்டு ஜன்னல் வழியா "பெரியப்பா, போயிட்டு வர்றேன், மருந்து மறக்காதீங்க"ன்னான். அப்பா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு வண்டி நகர்ற வரைக்கும் விடல.

திரும்பி வரும்போது சித்தி வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க. வண்டி சத்தம் ஊர்காம் பக்கம் தேயுற வரைக்கும் காது குடுத்துக் கேட்டுட்டு இருந்தாங்க, நாங்க பக்கத்துல வந்து நின்னது கூட தெரியல. தெனமும் இப்படியா சித்தின்னேன். "இன்னா பண்றது, அத்தைகிட்ட இருந்து வந்த பழக்கம்"ன்னாங்க. அதுக்குள்ள தெருக் குழாய்ல தண்ணி வந்துடுச்சுன்னு யாரோ கூப்பிட்டாங்க, அவங்க ஒரு குடத்தை எடுத்துக்கிட்டு ஓடினாங்க, நான் இன்னொரு குடத்தை எடுத்துக்கிட்டு பின்னாடியே போனேன்.